ஹொசியா நிறுத்திய இடம்

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக ஹொசியா ப்ரூயிட்டின் கல்லறையில் களவு போயிருந்தது.

வாஷ்டி தகர வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் மண்மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். அவன் கடைசியாகக் காப்பி குடித்த பீங்கான் கோப்பை இரண்டு துண்டாகக் கிடந்தது. விளக்குக் கண்ணாடி இருந்தது. சவரக் கிண்ணம் இருந்தது. இருமல் மருந்து பாட்டிலின் அடிப்பாகம்கூட இருந்தது, கழுத்தைத்தான் காணோம். முதல் தடவை தைல பாட்டிலின் கழுத்து போயிற்று. அடுத்தது, காய்ச்சலுக்குப் பாதத்தில் தேய்த்த காடி பாட்டில். இப்போது இது.

"உயிரோட இருந்தப்பவும் உனக்கு ஒரு சாமான ஒழுங்கா வச்சுக்கத் தெரியாது. செத்த பிறகாவது பாத்துக்கக் கூடாதா?" என்று மேட்டைப் பார்த்துக் கேட்டாள்.

எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். சன்ஃப்ளவர் ஆற்றுப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிட்டார் வாசிக்கிற பயல்கள். ஹொசியா சுண்டு விரலில் ஒரு பாட்டில் கழுத்தை மாட்டிக்கொண்டு, அதைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டு, கிட்டாரை மனுஷக் குரலில் பேசவைத்தவன். அவன் விரலில் கிடந்த கழுத்து அவன் மேட்டின் மேல்தான் கிடக்கும் என்று இந்தப் புத்திசாலிகள் முடிவு கட்டிவிட்டார்கள். இருமல் மருந்து பாட்டிலின் கண்ணாடி முட்டை ஓடு கனம்தான் இருக்கும். அதைக் கம்பியில் வைத்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதுகூடத் தெரியாதவனெல்லாம் ஹொசியா ஆகக் கிளம்பிவிட்டான்.

செத்தவன் கடைசியாகப் புழங்கிய சாமான்களை உடைத்துத்தான் கல்லறை மேல் வைப்பார்கள். உடைத்தால்தான் செத்தவனுக்கும் வீட்டுக்கும் உள்ள கண்ணி அறும். உடைக்காமல் எதையாவது வீட்டில் வைத்துக்கொண்டால் செத்தவன் அதைத் தேடி வருவான். வந்தவன் வெறுங்கையோடு போக மாட்டான், வீட்டில் இருப்பவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவான். ஹொசியாவின் வீட்டில் மிச்சம் இருப்பது வாஷ்டி ஒருத்திதான்.

"மறுபடியுமாடி?"

லுவீனியா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் குடிசைக்காரி, சின்ன வயசிலிருந்தே சிநேகிதி. அந்தப் பருத்தித் தோட்டத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான். ஹொசியாவையும் அவள்தான் குளிப்பாட்டினாள்.

"மறுபடியும்தான்" என்றாள் வாஷ்டி.

"இருமல் மருந்தா? கர்த்தரே, அத வச்சு அவன் என்னத்த வாசிப்பான்? தும்மத்தான் முடியும்."

வாஷ்டிக்குச் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் அவனைப் புதைத்ததிலிருந்தே வரவில்லை. இப்போது ஆகஸ்ட். பருத்திக்குக் கடைசிக் களை எடுத்து முடித்து, காய் வெடிக்கும்வரை சும்மா இருக்கிற மாதம். மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள், எழுப்புதல் ஜெபக் கூட்டத்துக்குப் போனார்கள். அவள் தினமும் கல்லறைக்கு வந்தாள்.

லுவீனியா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "எளச்சிக்கிட்டே போறடி. தூங்கறியா இல்லியா?"

"தூங்கத்தான் செய்றேன். படுக்கறப்ப இருக்கறதவிட எந்திரிக்கறப்பதான் அசதி ஜாஸ்தியா இருக்கு."

"அவன் வர்றானா?"

"எவன்?"

"எவனா? உன் புருஷன்தான். வேற எவன் வரப்போறான் உன் வீட்டுக்கு?"

வாஷ்டி வாளியிலிருந்த தண்ணீரை மேட்டோரம் ஊற்றினாள். "கதவத் தட்டற மாதிரி கேக்கும். போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. வெயில்ல பலகை வெடிக்குது போல."

"அந்தப் பலகையோட பேரு ஹொசியா." லுவீனியா மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். "இங்க பாரு. நான்தான் அவனக் குளிப்பாட்டினேன். விரல்ல ஒண்ணும் இல்ல. பாக்கெட்லயும் இல்ல. அந்தக் கழுத்து எங்க?"

"அது ஏற்கெனவே உடைஞ்சதுதானே? பத்தொன்பதாம் வருஷம் ஒரு முழு பாட்டில உடைச்சுத்தான் அந்தக் கழுத்த எடுத்தான். உடைஞ்சத என்னத்த இன்னொரு தடவ உடைக்க?"

"பாட்டிலாத்தான் உடைஞ்சுது. கழுத்தா முழுசாத்தான் இருக்கு."

"நம்ம சபை டீக்கன் ஓக்ஸக் கேளு" என்றாள் வாஷ்டி.

"கேட்டுட்டேன். மூணு நாள் தாடியத் தடவிட்டு, 'இது சபைக்கு உட்பட்ட விஷயம் இல்ல சகோதரி'ன்னுட்டாரு." லுவீனியா குரலைத் தணித்தாள். "சனிக்கிழம கல்லறை சுத்தம் பண்றோம். ஊரே வரும். அன்னைக்கு எல்லார் கண்ணுக்கும் முன்னாடி அத உடைச்சு இங்க வச்சிரு. இல்லாட்டி அடுத்து நான் குளிப்பாட்டப் போறது உன்னைத்தான். எனக்கு அந்த வேலை வேணாம்டி."

வாஷ்டி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுப்புக்கு மேலே இருந்த பலகையில், ரொட்டிச் சோடா டப்பாவுக்குள், துணி சுற்றி அது இருந்தது. பச்சைக் கண்ணாடி, தடிமனானது. கிணற்று மேடையில் தண்ணீர் விட்டு விட்டு ஹொசியா ஒரு வாரம் தேய்த்து விளிம்பை மழுக்கியிருந்தான். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள். உடைக்க முடியாது. செத்தவன் வந்து கூப்பிட்டால் கூப்பிடட்டும். அந்தக் கண்ணாடியிடமிருந்து அவளுக்கு ஒன்று வரவேண்டியிருந்தது.

அது என்னவென்று சொல்ல வேண்டுமானால் ஹொசியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு உதவுகிற ஆள் இல்லை அவன். பருத்தி எடுத்து முடிந்த மறுநாள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். ஆற்றுக் கரை போடுகிற முகாம், மரம் அறுக்கிற ஆலை, ரயில் பாதை போடுகிற கூட்டம் என்று எங்கே ஆள் கூடுகிறதோ அங்கே இருப்பான். பீச் மரம் பூக்கும்போது திரும்பி வருவான். இருபத்திரண்டு வருஷம் இப்படியே. கோவேறு கழுதையை ஓட்டி உழுதது அவள். கூரைக்குத் தகரம் அடித்தது அவள். இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவன் பெரிய ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சாவில் யாரையோ ஆடவைத்துக்கொண்டிருந்தான். அதை அவள் மன்னித்தாளா என்றால், இல்லை. ஆனால் அவன் வந்து படியில் உட்கார்ந்து வாசித்தால் சமையற்கட்டிலிருந்து கேட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், அவள் வராந்தாவில் காராமணி உரித்துக்கொண்டிருந்தபோது, அவன் ஒரு பாட்டுக் கட்டினான். வீட்டுக்கு நடந்து வருகிற ஒருத்தனின் பாட்டு. சேறு, ரயில் பாதை, ஆறு எல்லாம் தாண்டி வந்து, கடைசியில் கேட்பான்: வில்லோ மரத்து வளைவு திரும்பினால் என் வாசலில் நிற்பது யார்? அங்கே பாட்டு நின்றுவிடும். கண்ணாடிதான் பதில் சொல்லும். உச்சிக் கம்பியில் ஏறி, ஒரு கணம் அங்கேயே நடுங்கி, பிறகு மெதுவாகச் சரிந்து இறங்கும். இரண்டே சுரம். வாஷ். டீ. எந்தக் காதுக்கும் புரியும்படி அவள் பெயரை அந்தக் கண்ணாடி சொன்னது. அவள் காராமணியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் சிரித்தான்.

முப்பதாம் வருஷம் அறுவடைக்குப் பிறகு, டவுனில் நாற்காலியும் இசைத்தட்டும் விற்கிற கடைக்காரர் அவனை ரயிலேற்றி வடக்கே, பனி பெய்கிற ஒரு ஊருக்கு அனுப்பினார். அங்கே ஆறு பாட்டுகளைத் தட்டில் பிடித்தார்கள். குளிர்காலத்தில் தட்டு கடைக்கு வந்தது. அவன் வரவில்லை, தட்டுதான் வந்தது. ஒரு சனிக்கிழமை வாஷ்டி மாவு மூட்டையோடு கடை வாசலில் நின்றபோது உள்ளே அது ஓடியது. சேறு வந்தது, ரயில் பாதை வந்தது, ஆறு வந்தது. வளைவு திரும்பினால் என் வாசலில் நிற்பது யார் என்று அவன் குரல் கேட்டது. அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. கரகரவென்று தட்டு ஓடுகிற சத்தம்தான். பிறகு அடுத்த அடிக்குப் போய்விட்டான்.

சுற்றி நின்றவர்கள் அந்த இடத்தில் 'உம்' என்று தலையாட்டினார்கள். வாஷ்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்தாள். வடக்கே வேறு யாரோ இருக்கிறாள், அதனால்தான் என் பெயரை எடுத்துவிட்டான் என்று முடிவு செய்தாள். மூன்று மாதம் அதையே மனதில் போட்டு அரைத்தாள். என்னென்ன கேட்க வேண்டும், எந்தச் சட்டியால் அடிக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். பீச் பூத்தது, அவனும் வந்தான். படியில் கால் வைத்ததும் இருமினான்.

சாதாரண இருமல் இல்லை அது. வாயைக் கையால் பொத்தி, குனிந்து, அதை உள்ளேயே அடக்கப் பார்த்தான். எவ்வளவு நேரம் அடக்கினான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கடை வாசலில் அவள் காத்திருந்த நேரம் அது.

"பாட்டுப் பிடிக்கறவன் மெழுகுத் தட்டுல இருமக் கூடாதுன்னான்" என்று பிற்பாடு அவன் சொன்னான். "ரெண்டு தட்ட இருமியே கெடுத்துட்டேன். மூணாவது கெட்டா ஊருக்கு ரயிலேறுன்னுட்டான். அந்த எடம் வந்துச்சு. இருமலும் வந்துச்சு. முழுங்கிட்டேன், வாஷ்டி. உன் பேரையும் சேத்து முழுங்கிட்டேன்."

"இப்ப வாசி" என்றாள் அவள்.

வாசித்தான். அதே இடத்தில் இருமல் வந்தது. அப்புறம் மூன்று வருஷம், எத்தனை தடவை முயன்றாலும் அந்த இடம் வரும்போது நெஞ்சு முந்திக்கொண்டது. கடைசிவரை சொல்லாமலே போய்விட்டான். கண்ணாடியை அவள் டப்பாவில் போட்டு வைத்ததற்கு இதுதான் காரணம். லுவீனியாவிடம் இதைச் சொல்ல முடியுமா? நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை, ஒரு பாட்டில் கழுத்து என் பெயரைச் சொல்லும் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்றால் ஊர் என்ன சொல்லும்?

புதன்கிழமை மத்தியானம் ஒருத்தன் வாசலுக்கு வந்து நின்றான். முப்பது வயசு இருக்கும். பூட்சுக்கு அடிப்பாகம் இல்லை. முதுகில் கிட்டார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தான்.

"மிஸ் வாஷ்டி ப்ரூயிட் வீடுங்களா?"

"கிட்டார்காரங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

"வாங்கிட்டுப் போக வரலீங்க. திருப்பிக் குடுக்க வந்தேன்." அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே இருமல் மருந்து பாட்டிலின் கழுத்து. "எம் பேரு எனிஸ் டாலிவர். அக்கரையிலேருந்து வர்றேன். ஞாயித்துக்கிழம எடுத்தேங்க. அன்னையிலேருந்து கெட்ட காலம்தான். படகுக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான், நாய் கடிச்சிருச்சு, பல்லு வலி வேற. அது இருக்கட்டும், இது வாசிக்கவே மாட்டேங்குதுங்க."

"இருமல் மருந்து எப்படிடா வாசிக்கும்? செத்தவன் சாமான எடுக்கறமேன்னு பயம் இல்ல?"

"பயந்துக்கிட்டேதாங்க எடுத்தேன்."

அவள் துடைப்பத்தை எடுத்து ஓங்கினாள். அவன் நகரவில்லை. அடி வாங்கிக்கொள்ளத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஓங்கிய கை வலித்தது. எல்லாவற்றுக்கும் இப்போது கை வலித்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள்.

"வச்சிட்டுப் போ."

"ஒண்ணே ஒண்ணுங்க. அவரு பாட்ட நான் வாசிக்கிறேன். சரியா வருதான்னு மட்டும் சொல்லுங்க. நாலு வருஷமா ஒரே தட்டத் தேச்சுத் தேச்சுக் கத்துக்கிட்டது."

வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அவன் படியில் உட்கார்ந்து, கம்பிகளை ஹொசியா வைக்கிற மாதிரியே தளர்த்தி வைத்து, பேனாக்கத்தியின் முதுகால் கம்பிகளைத் தடவி ஆரம்பித்தான். நன்றாகத்தான் வாசித்தான். ஹொசியாவின் குதிகால் தட்டல்கூட அவன் காலுக்கு வந்திருந்தது. சேறு, ரயில் பாதை, ஆறு. வாசலில் நிற்பது யார்?

கத்தியைத் தூக்கினான். தலையைக் குனிந்தான். ஜெபத்தில் இருப்பவன் மாதிரி அசையாமல் இருந்தான். அந்த இருமலின் நீளம் துளிகூடப் பிசகவில்லை. பிறகு அடுத்த அடிக்குப் போனான்.

"ஏன் அங்க நிறுத்தின?" என்றாள் வாஷ்டி.

அவன் நிமிர்ந்தான். "அதுதாங்க அந்தப் பாட்டோட உசுரே. வாசல்ல நிக்கறது யாருன்னு கேக்கறாரு. பதிலே இல்ல. வீடு காலிங்க. யாருமே இல்ல. இவ்வளவு தூரம் நடந்து வந்தும் யாரும் இல்ல. அந்த எடத்துல ஜனங்க அழுவாங்க. ஹெலினாவுல, மெம்ஃபிஸ்ல, எல்லாப் பசங்களும் அங்க நிறுத்தறாங்க. நிறுத்தத் தெரியாதவன் அந்தப் பாட்டத் தொடவே மாட்டான்."

வாஷ்டி சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. சிரிப்பு பாதியிலேயே கோபமாகத் திரும்பிவிட்டது.

"காலியா? வீடு காலியா? பின்ன இருபத்திரெண்டு வருஷம் இந்த வாசல்ல நின்னவ யாருடா? கதவுக் கட்டையா?"

எனிஸ் டாலிவர் கிட்டார்க் கம்பிகளைக் கையால் பொத்தினான்.

"அது இருமல்டா, முட்டாப் பயலே. நெஞ்சு நோய்க்காரன் இருமல அடக்கிட்டு உக்காந்திருந்தான். மெழுகு கெட்டுப்போகும்னு. நீங்க எல்லாரும் வேல மெனக்கெட்டு அவன் இருமலக் கத்துக்கிட்டு ஊர் ஊரா வாசிக்கிறீங்க."

அவன் நம்பவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், நம்பினான். கத்தியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அங்க என்ன வரணும்?" என்று கேட்டான்.

அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தபடி அந்த இரண்டு சுரத்தையும் மூக்கால் முனகினாள். மேலே ஏறி, நடுங்கி, சரிந்து இறங்குவது. அவன் கத்தியால் முயன்றான். கத்தி மெலிசு, அந்த உச்சியில் கீச்சென்றது. இன்னொரு தடவையும் கீச்சென்றது.

வாஷ்டி எழுந்து உள்ளே போனாள். டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் வராந்தாவுக்குக் கேட்டது. வெளியே வந்து துணியைப் பிரித்து, பச்சைக் கண்ணாடியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கீழ போட்டா உன்ன உசுரோட விடமாட்டேன்."

அவன் அதைச் சுண்டு விரலில் மாட்டினான். முதலிலிருந்து வாசித்தான். சேறு வந்தது, ரயில் பாதை வந்தது, ஆறு வந்தது. வாசலில் நிற்பது யார் என்று அவன் கேட்டான். கண்ணாடி உச்சிக்கு ஏறியது, அங்கே ஒரு கணம் நடுங்கியது, மெதுவாகச் சரிந்து இறங்கியது.

வாஷ்டி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை, மறைக்கவும் இல்லை.

எனிஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டான். "மிஸ் வாஷ்டி. இது... உங்க பேரு மாதிரி இல்ல இருக்கு?"

"நீ வாசி. இன்னொரு தடவ."

மூன்று தடவை வாசித்தான். மூன்று தடவையும் சொன்னது. அப்புறம் அவள் கையை நீட்டினாள். அவன் விரலிலிருந்து கழற்ற மனம் வராமல் கழற்றிக் கொடுத்தான். கேட்பானோ என்று அவள் நினைத்தாள். கண்ணில் கேட்டான், வாயால் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சோள ரொட்டியும் ஒரு குவளை மோரும் கொண்டுவந்து வைத்தாள். வலிக்கிற பல்லுக்கு மறுபக்கமாக மென்றபடி அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே. நான் இப்படி வாசிச்சா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. பாட்டக் கெடுத்துட்டான்னு சொல்வாங்க. அவரு நிறுத்தினது எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்" என்றாள் வாஷ்டி. அவன் சொன்னது நிஜம். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

சனிக்கிழமை காலையில் ஊரே மண்வெட்டியோடு கல்லறையில் கூடியது. புல் ஒன்று விடாமல் செதுக்கி, தரையை வெறும் மண்ணாகப் பெருக்கினார்கள். பொம்பளைகள் மரத்தடியில் பலகை போட்டு, பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரமும் பரப்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் வாஷ்டி ஹொசியாவின் மேட்டுக்குப் போனாள். லுவீனியா பின்னாலேயே வந்தாள். டீக்கன் ஓக்ஸும் நாலைந்து பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

வாஷ்டி திருப்பிக் கிடைத்த மருந்துக் கழுத்தை முதலில் வைத்தாள். பிறகு மடியிலிருந்து பச்சைக் கண்ணாடியை எடுத்துத் தட்டைக் கல் ஒன்றின் மேல் வைத்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தாள். உடையவில்லை. தடிக் கண்ணாடி அது. இரண்டாவது தடவை முழு பலத்தோடு அடித்தாள். மூன்று துண்டாயிற்று.

"பதில் வந்துருச்சு. இனி நீ தேடிட்டு வர வேணாம். நானும் கதவத் தெறந்து பாக்கப் போறதில்ல" என்றாள். யாருக்கும் புரியவில்லை. டீக்கன் ஆமென் சொல்லிவைத்தார்.

வேலிக்கு வெளியே, கோவேறு கழுதை வண்டிகள் நின்ற இடத்தில், எனிஸ் டாலிவர் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒரு வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். சபைக்கு ஆகாத பாட்டு, ஆனால் வேலிக்கு வெளியே என்பதால் டீக்கன் ஓக்ஸ் அதைக் கேட்காத மாதிரி கோழிக்காலில் கவனமாக இருந்தார். முதல் அடியிலேயே ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஹொசியாவின் பாட்டு. தட்டோடு ஒவ்வொருத்தராக வேலியோரம் போனார்கள். வாஷ்டி மரத்தடியில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

வாசலில் நிற்பது யார் என்று எனிஸ் கேட்டான். எல்லோரும் நிறுத்தலுக்குத் தயாரானார்கள். அவன் நிறுத்தவில்லை. இரண்டு நாளாகப் பருத்திக் கொட்டகையில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும், கத்தி உச்சியில் கீச்சிடவில்லை. ஏறியது, நடுங்கியது, சரிந்து இறங்கியது. இத்தனை ஜனத்துக்கு நடுவில், பட்டப்பகலில், அவள் பெயரைச் சொன்னது.

"ஏ தம்பி! அங்க நிறுத்தணும்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"எந்த ஊர்க்காரன்டா இவன்? பாட்டக் கொலை பண்றான்!"

யாரோ ஒரு கோழி எலும்பை வண்டியின் மேல் வீசினார்கள். லுவீனியா திரும்பி வாஷ்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "கெடுத்துட்டான் பாருடி. ஹொசியா அங்க நிறுத்துவான்."

"நிறுத்துவான்தான்" என்றாள் வாஷ்டி.

எனிஸ் தலைகளுக்கு மேலே அவளைத் தேடினான். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடியும் சேற்றிலிருந்து கிளம்பியிருந்தது. இவனும் அடிப்பாகம் இல்லாத பூட்சோடு இதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். நாளைக்கு வேறு ஊர், அங்கேயும் எலும்பு வீசுவார்கள். அவன் கேட்பது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. போ, எல்லோரையும் மாதிரி அங்கே நிறுத்தியே வாசி என்பதுபோல் தலையை ஒரு தடவை அசைத்தாள்.

ரயில் பாதை, ஆறு. வாசலில் நிற்பது யார்?

எனிஸ் கத்தியைத் தூக்கித் தலையைக் குனிந்தான். வேலியோரத்தில் நின்றவர்கள் எல்லோரும் கையில் தட்டோடு, அசையாமல், ஹொசியா அன்றைக்குப் பிடித்த மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரத்தடியில் வாஷ்டி மட்டும், ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.